ஊர்க் காணியில மழைத்தண்ணியை மறிக்க மூண்டு தடியும் ஒரு நூலும்

வெள்ளவத்தையில ஒரு மணித்தியாலம் மழை பெஞ்சா காலி வீதித் தண்ணி கான் வழியா கடலுக்குப் போயிடும், அதைப் பாக்கேக்க எல்லாம் எனக்கு வவுனியாவில எங்கட மேட்டுக்காணி ஞாபகம்தான், காலபோக மழை அவ்வளவு கொட்டியும் ஆவணியில கிணத்தில வாளி அடியில தட்டும். அரை ஏக்கர் எண்டா கிட்டத்தட்ட 2000 சதுர மீட்டர், 25 மில்லிமீட்டர் மழைக்கே அதில 50,000 லீட்டர் விழுது. அதை ஓடவிடாம மறிக்கோணும், அவ்வளவுதான் வேலை.

முதல்ல மேல்காணிக்காரரோட கதையுங்கோ. சரிவின்ட உச்சியில இருந்துதான் வேலை தொடங்கோணும், நீங்க மட்டும் கீழ வரம்பு கட்டினா மேல இருந்து வாற வெள்ளம் உடைச்சுக்கொண்டு போயிடும். எங்கட பழைய குளங்களும் இப்பிடித்தான், ஒண்டு நிரம்பி வான் பாஞ்சா தண்ணி அடுத்த குளத்துக்கு, 2017இல உலக உணவு விவசாய அமைப்பே அதைப் பாரம்பரியமா அங்கீகரிச்சது.

வரம்பு சரிவுக்குக் குறுக்கா ஒரே மட்டத்தில போகோணும், அதுக்கு இப்ப மட்டம் பாக்கிற தடிச்சட்டம் ஒண்டு செய்வம். 6 அடித் தடி ரெண்டை உச்சியில சேத்துக் கட்டி, நடுவில 3 அடிக் குறுக்குத்தடி போட்டு, உச்சியில இருந்து நூலில கல்லைத் தொங்கவிடுங்கோ. சட்டத்தின்ட ரெண்டு காலும் நிக்கிற இடத்தில முளை அடிச்சு, நூல் குறுக்குத்தடியைத் தொடுற இடத்தில பென்சில் கோடு, பிறகு கால் ரெண்டையும் இடம் மாத்தி வச்சு இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடுவிலதான் சரியான மட்டம். ஊருக்குப் போக முதல் உங்கட பிளட்டில கார் இறங்குற சரிவிலயே பழகலாம்.

காணியில ஒரு காலை ஊண்டி மற்றக் காலை நூல் நடுக்கோட்டுக்கு வாற வரைக்கும் மேல கீழ நகத்தி, அங்க முளை அடிச்சு அடிச்சுப் போங்கோ. கோடு வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், தயவுசெய்து நேராக்காதேங்கோ. நாங்க முதல் வருசம் கண்ணால பாத்து நேரா வெட்டினம், ஒரு பக்கம் தாழ்வாப் போய் தண்ணி எல்லாம் அங்க சேந்து ஒரே இரவில வரம்பு உடைஞ்சிட்டு.

முளை வழிய ஒண்டரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டு மிதிச்சு வரம்பாக்குங்கோ. மிச்சத் தண்ணி வழிய கல் அடுக்கி ஒரு வாசல் விடோணும். வரம்பில வெட்டிவேர் நடலாம். வாய்க்கால் தண்ணியை நேர கிணத்துக்குள்ள விடவே கூடாது, மண்ணால வடிஞ்சுதான் போகோணும்.

புரட்டாதிக்குள்ள முடிச்சிடுங்கோ. முதல் மழைக்கு ஊரில நிக்கிற ஆரையாவது வாட்சப்பில வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ, வரம்புக்கு மேலால எங்க முதல்ல தண்ணி வழியுதோ அந்த இடத்தில ரெண்டு கூடை மண் கூடப் போடோணும்.