கமக்காரருக்குக் கணித மென்பொருள் காட்டும்போது

யாழ்ப்பாணத்தில் உரும்பிராயிலோ புன்னாலைக்கட்டுவனிலோ கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு மடிக்கணினியோடு போய், "ஒக்டேவ் இலவசம், மட்லப்புக்குக் காசு" என்று இரண்டு கணித மென்பொருள்களை ஒப்பிட்டுத் தொடங்கினால் பின்வரிசை எழும்பத் தொடங்கிவிடும். முன்வரிசையில் இருப்பவரும், "தம்பி, இதாலை எனக்கு என்ன வரும்?" என்று கேட்கத்தான் காத்திருப்பார். அதற்கான விடையோடு தொடங்குங்கள். கட்டளைகளை வீட்டிலேயே தட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். சபையில் பிழைச்செய்தி வந்தால் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

காட்டப் போகிறவர்கள் அலகிலும் சறுக்குவார்கள். திரையில் 0.4047 ஹெக்டெயர் என்று கிடந்தால் யாருக்கு விளங்கும்? ஊர்க் காணி அளவில் 16 பரப்பு என்று போடுங்கள், ஒரு ஏக்கர்தானே. நாலு தசமதானம் ஆருக்கு வேணும்!

பெரிய தவறு, உச்ச லாபத்தை மட்டும் காட்டிவிட்டு இறங்குவது. உதாரணத்துக்குக் காணி 16 பரப்பு, இறைப்பு வாரம் 24 மணித்தியாலம் என்று வைப்போம். பரப்பொன்றுக்கு வெங்காயத்துக்கு 2 மணித்தியால இறைப்பு, லாபம் 30,000 ரூபா. மிளகாய்க்கு 1 மணித்தியாலம், 20,000 ரூபா. இருக்கிற காணிக்கும் தண்ணீருக்கும் உள்ளே உச்ச லாபம் தேடும் நேரியல் திட்டமிடல் என்ற கணக்கு, இரண்டிலும் 8 பரப்பு வை, 4 இலட்சம் வரும் என்கிறது. அதை அனுபவசாலி மனக்கணக்கிலேயே கண்டுபிடிப்பார். அவருக்குப் புதிது, இந்தக் கணக்கைச் செய்யும் ஒக்டேவின் ஜிஎல்பிகே (glpk) கட்டளை கூடவே தரும் நிழல் விலை: வாரம் ஒரு மணித்தியாலம் கூடுதலாக இறைக்க முடிந்தால் லாபம் 10,000 கூடும். அந்தக் கூடுதல் இறைப்புக்குப் போகம் முழுக்க வரும் எண்ணெய்ச் செலவு, கூலி எல்லாம் சேர்த்து அதற்குக் குறைவென்றால் இறைக்கலாம். 32 மணித்தியாலத்துக்குப் பிறகு தண்ணீர் இருந்தும் பயனில்லை, காணி முடிந்துவிடும்.

விலை மாறினால் விடையும் மாறும் என்பதை மறைக்கவும் கூடாது. சபையில் ஒருவரிடம் கேட்டு வெங்காய லாபத்தை மாற்றிக் காட்டுங்கள். 20,000க்குக் கீழே போனால் முழுக் காணியும் மிளகாய். 40,000க்கு மேல் போனால் 12 பரப்பு வெங்காயம், அதோடு இறைப்பு முடிந்துவிடும், மிச்சம் 4 பரப்பு தரிசு.

"செம்மண் காணியைச் சும்மா விடுறதோ?" என்று சத்தம் வரும். அப்போது மென்பொருளுக்காக வாதாடாதீர்கள். குறைந்த இறைப்பில் அந்த 4 பரப்பில் என்ன வைப்பார்கள் என்று கேட்டு, அதை மூன்றாவது பயிராகச் சேர்த்து அங்கேயே மறுபடி ஓட்டுங்கள்.