பெங்களூரு தோட்டத்தில் செங்காந்தள்: நடவும் கிழங்குப் பெருக்கமும்

தோட்டத்தில் உயரமான லில்லி வளர்க்க ஆசைப்பட்டால், ஆளுயரத்துக்கு மேல் வளரும் இமயமலை லில்லிக்கு பெங்களூருவின் குளிர் போதாது. ஆனால் நம் காட்டோரத்துச் செங்காந்தளுக்கு இந்த ஊர் மழையும் செம்மண்ணும் அப்படியே பொருந்தும். பற்றுக்கோல் கிடைத்தால் பத்தடி ஏறும்.

முதலில் எச்சரிக்கை. செடி முழுக்கக் கால்சிசின் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். சர்க்கரைவள்ளி என நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. காய்கறிப் பாத்தியில் நடாதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழந்தையோ நாயோ மண்ணைக் கிளறும் வீட்டில் இது வேண்டாம்.

மே கடைசியில் அல்லது ஜூனில் நடலாம். கிழங்கு 50 கிராமாவது இருந்தால் அந்த ஆண்டே பூக்கும் வாய்ப்பு நன்று. 14 அங்குலத் தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கிழங்கைப் படுக்கவைத்து மேலே 5 செ.மீ. மண் மூடுங்கள். முளை தெரியும்வரை ஈரம் லேசாக இருந்தால் போதும். பலர் இங்கேதான் தண்ணீர் ஊற்றி அழுக வைக்கிறார்கள்.

கலப்பை போல் வளைந்த கிழங்கில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பெரும்பாலும் ஒரே கண்தான் (முளை கிளம்பும் மொட்டு). அது ஒடிந்தால் அந்தத் துண்டு பெரும்பாலும் முளைக்காது. முளைத்த தண்டும் காற்றில் எளிதில் முறியும் என்பதால் நடும் நாளிலேயே பந்தலைக் கட்டிவிடுங்கள். இலை நுனிதான் பற்றுக்கம்பி. பென்சிலைவிடத் தடித்த குழாயை அதனால் சுற்ற முடியாது. மெல்லிய மூங்கில் குச்சியோ நைலான் வலையோ நல்லது.

பெங்களூரு லால்பாக் பூங்காவில் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி நடக்கும் சமயத்தில் பூக்கத் தொடங்கும். கறுப்பும் சிவப்புமான புழுக்கள் இலையை மொட்டையாக்கும். கையுறையோடு பொறுக்குங்கள், லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

விதை வேண்டுமென்றால் காலையில் தூரிகையால் மகரந்தத்தைச் சூலக முடியில் (சூல்தண்டின் நுனியில்) தடவ வேண்டும், ஏனென்றால் சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. விதைச்செடி பூக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். கிழங்கே குறுக்குவழி.

இலை பழுத்ததும் நீரை நிறுத்துங்கள்; பச்சைத் தண்டை வெட்டினால் புதுக் கிழங்கு சிறுத்துவிடும். தண்டு காய்ந்தபின் தோண்டினால் பழைய கிழங்கு சுருங்கி, புதியது உருவாகியிருக்கும். இரு கிளையும் சேரும் மூட்டில் கண் சிதையாமல் வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். பிறகு காய்ந்த மணலில் புதைத்து, ஏப்ரல் கோடைமழை படாத இடத்தில், 'நஞ்சு' என்று எழுதி வையுங்கள்.