ஊருக்குப் போறவர்களின் தோலும் தலைமுடியும்

ஆடி, ஆவணி வெயிலில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போய் இறங்கும் பிள்ளைகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிபொரியாகக் கிளம்பும். வியர்க்குருதான், பயப்பட வேண்டாம். வியர்வைத் துவாரங்கள் அடைபடுவதால் வருவது. மெல்லிய பருத்திச் சட்டையும் கிணற்றடிக் குளிப்பும் மின்விசிறியும் போதும். குளிர்நாட்டுக்கென்று வாங்கிய கெட்டிக் கிறீமைப் பூசினால் அடைப்புக் கூடும்.

படர்தாமரை அப்படி இலகுவாக விடாது. தொடையிடுக்கு, இடுப்புப் பட்டி, அக்குள் என்று வேர்க்கிற இடங்களில் வட்டமாக வரும். விளிம்பு தடித்துச் செதில் விட்டிருக்கும், நடு தெளிந்திருக்கும். இது பூஞ்சை. கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள் அங்கே மருந்துக் கடையில் கலவைக் கிறீம் ஒன்றை வாங்கிப் பூசுவதுண்டு. அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசோல் போன்ற கடும் ஸ்டீரொய்டும் சேர்ந்திருக்கும். இரண்டு நாளில் அரிக்கிற கடி நின்றுவிடும். அருமையான மருந்தென்று மச்சாளுக்கும் நாலு ட்யூப் வாங்குவார்கள்! ஆனால் ஸ்டீரொய்ட் தோலின் எதிர்ப்பை அடக்குவதால் பூஞ்சை ஓசைப்படாமல் பரவும். பூசுவதை நிறுத்தினதும் முன்னையைவிட மோசமாகத் திரும்பும். வட்டம் குலைந்துபோயிருப்பதால் ரொறன்ரோ டொக்டருக்கும் இலேசில் பிடிபடாது. ஸ்டீரொய்டால் தொடையிடுக்கில் விழும் வரித்தழும்பு முழுதாக மறைவதில்லை. இந்தியாவில் 2018இலிருந்து இப்படியான ஸ்டீரொய்ட் கிறீம்களுக்கு மருந்துச்சீட்டு வேண்டும். எல்லாக் கடையிலும் கேட்கிறார்களா என்பது வேறு கதை. பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோல் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்கி, விளிம்புக்கு வெளியேயும் கொஞ்சம் தள்ளிப் பூசுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. துவாயை ஒருவருக்கொருவர் மாற்ற வேண்டாம். பிள்ளையின் தலையில் வந்தால் கிறீம் வேலை செய்யாது, குளிசைதான், டொக்டரிடம் போங்கள்.

பொடுகென்றதும் அம்மம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு வருவா. பொடுகுக்குப் பின்னாலும் ஒரு பூஞ்சை இருக்கிறது, அதற்குக் கொழுப்புத்தான் சாப்பாடு, ஆகவே எண்ணெயை இரவிரவாக ஊறவிட வேண்டாம். பூஞ்சையை அடக்கும் கீற்றோகொனசோல் ஷம்புவை ஐந்து நிமிடம் தலையில் வைத்துக் கழுவுங்கள். பேன் என்றால் மருந்து வைத்து, ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் வைக்க வேண்டும். இடையில் ஈரத்தலையைப் பேன்சீப்பால் வாருங்கள்.

திரும்பி வந்து இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டினால் கிணற்றுத் தண்ணீரில் பழி போடுவோம். அங்கே டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். சில மாதங்களில் தானாக முளைக்கும்.

தேமல் வெளிறித் தெரியும், ஆனால் தொட்டால் உணர்வு இருக்கும். வெளிறிய இடம் மரத்திருந்தால் தொழுநோயா என்று சோதிக்க வேண்டும்.

வன்னிப் பக்கம், அனுராதபுரம் பக்கம் தங்கியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மணல் ஈ கடித்து வாரங்களோ மாதங்களோ கழித்து, நோவில்லாத ஒரு பரு வந்து ஆறாத புண்ணாகலாம். லீஷ்மானியாசிஸ் என்பார்கள். வெளிநாட்டு டொக்டருக்கு அது உடனே ஞாபகம் வராது. இலங்கை போய் வந்ததை அவர் கேட்கு முன்னம் நீங்களே சொல்லுங்கள்.