வீட்டுப் பட்டறைக்கு லேத்: இயந்திரத்தையும் டூலையும் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் முறை

வீட்டில் உலோக வேலை செய்ய, பொருளைச் சுழலவிட்டு டூல் எனும் வெட்டுக்கருவியால் கடையும் இயந்திரமான லேத்தை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மோட்டாரின் குதிரைத்திறனையும், அதிகபட்ச வேகத்தையும், கூடவே வரும் துணைக்கருவிகளின் எண்ணிக்கையையும்தான். சிறிய லேத்தில் வேலையின் தரத்தைத் தீர்மானிப்பவை இவை அல்ல. வெட்டும்போது எழும் விசைக்கு வளைந்து கொடுக்காமல் நிற்கும் உறுதியே அதைத் தீர்மானிக்கிறது. தொழிற்சாலை லேத்துக்கு அந்த உறுதி அதன் எடையிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டு லேத்தில் அது குறைவு என்பதால், எந்த இயந்திரத்தை வாங்குவது, எந்த டூலை மாட்டுவது, அதை எவ்வளவு நீட்டிப் பிடிப்பது, எந்த வேகத்தில் ஓட்டுவது என்ற முடிவுகள் அனைத்தையும், இருக்கும் உறுதியை எப்படி வீணாக்காமல் காப்பது என்று யோசித்தே எடுக்க வேண்டும்.

எந்த லேத்

லேத்தின் அளவைச் சொல்ல இரண்டு எண்கள் தரப்படுகின்றன. பெட் எனப்படும் நீண்ட அடித்தளத்துக்கு மேல் எவ்வளவு விட்டமுள்ள பொருள் சுழல முடியும் என்பது ஒன்று. பொருளைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் சென்டருக்கும், எதிர்முனையில் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் சென்டருக்கும் இடையே உள்ள நீளம் மற்றொன்று. இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே சுழலக்கூடிய விட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். நீளமான தண்டுகளைக் கடைவதற்கு அந்தச் சிறிய எண்தான் உண்மையான வரம்பு. அதுபோலவே, சென்டர்களுக்கு இடையே 300 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கையும், டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கையும், அதில் ஒரு டிரில்லையும் மாட்டிய பிறகு, வேலைக்கு மிஞ்சும் நீளம் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். ஸ்பிண்டிலின் துளை அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; நீண்ட கம்பியை அதன் வழியாகவே விட்டுச் சக்கில் பிடிக்க முடிந்தால், கம்பியை முன்கூட்டியே துண்டு போட வேண்டியதில்லை.

அளவில் ஒத்த இரண்டு லேத்துகளுள் எடை கூடியதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மேசை மேல் வைக்கும் மினி லேத்துகள் ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ளவை. அவற்றில் நல்ல வேலை செய்ய முடியும், ஆனால் எஃகில் ஒவ்வொரு வெட்டையும் மெல்லியதாகவே எடுக்க வேண்டியிருக்கும். இடமும் தரையும் அனுமதித்தால் 100 கிலோவைத் தாண்டிய இயந்திரம் பொறுமையை அவ்வளவாகச் சோதிக்காது. வேகத்தைப் பொறுத்தவரை, மேல் எல்லையைவிடக் கீழ் எல்லையே முக்கியம். பெரிய விட்டத்தைக் கடையவும், மரை வெட்டவும், நிமிடத்துக்கு 100 சுற்றுக்கும் குறைந்த வேகத்தில் தளராத இழுவிசை வேண்டும். மின்னணு முறையில் மட்டும் வேகத்தைக் குறைக்கும் லேத்துகள் மெதுவாக ஓடும்போது திறனை இழந்து நின்றுவிடக்கூடும். பெல்ட்டையோ கியரையோ மாற்றி வேகம் குறைக்கும் அமைப்பில் இழுவிசை கூடும்.

சக் விஷயத்தில், மூன்று தாடைச் சக் கூடவே வந்துவிடும். நான்கு தாடைகளையும் தனித்தனியாக நகர்த்தும் சக்கைத் தாமதிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தாடைச் சக்கில் பிடித்த கம்பி நூற்றில் சில மில்லிமீட்டர் முதல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை மையம் விலகிச் சுழல்வது இயல்பு. ஒரே பிடியில் தொடங்கி முடிக்கும் வேலைக்கு அது பொருட்டல்ல, ஆனால் கழற்றித் திருப்பிப் பிடிக்க வேண்டிய வேலையில் அந்தப் பிழை முழுவதும் பொருளில் இறங்கிவிடும். நான்கு தாடைச் சக்கில், சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை வைத்து, எதிரெதிர் தாடைகளை ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, முள் அசையாத நிலைக்குக் கொண்டுவர முடியும்.

பழைய லேத்தை வாங்குவது பல நேரங்களில் நல்ல முடிவு, ஏனென்றால் கனமான வார்ப்பிரும்பு உடல் எளிதில் கெடுவதில்லை. தேய்மானம் எங்கே என்று மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். சக்குக்கு அருகில் உள்ள பெட்தான் முதலில் தேயும். டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் கேரேஜை அங்கே நிறுத்தி, ஆட்டம் இல்லாதபடி கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) சரிசெய்துவிட்டு, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். வழியில் இறுகி நின்றால், தேயாத பகுதிக்கும் தேய்ந்த பகுதிக்கும் உள்ள வேறுபாடு கையிலேயே தெரிந்துவிடும். பிறகு சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, டயல் இண்டிகேட்டரை ஸ்பிண்டில் மேல் வைத்து, கம்பியைக் கையால் மேலும் கீழுமாக நெம்ப வேண்டும். முள் சிறிதளவு அசைந்து திரும்பினால் பேரிங்கைச் சரிசெய்து பார்க்கலாம். அசைவு பெரிதாக இருந்து, சரிசெய்த பிறகும் குறையாவிட்டால் பேரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பும்போது உண்டாகும் வெற்றுச் சுழற்சியைக் கண்டு மிரள வேண்டாம். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து சேர்ந்தால் அந்த ஆட்டம் அளவைக் கெடுக்காது.

லேத்தை நிறுவும்போது கால்களைச் சமமற்ற பலகையின் மேல் வைத்து போல்ட்டை முடுக்கினால் பெட் முறுகும். முறுகிய பெட்டில் நேரான தண்டு கூடக் கூம்பாகவே வரும். தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, இரு முனைகளிலும் வளையம்போல் தடிப்பு விட்டு நடுவைக் குறுக்கி, இரு தடிப்புகளையும் கிராஸ் ஸ்லைடை அசைக்காமல் ஒரே மெல்லிய வெட்டில் கடைந்து, விட்டங்களை மைக்ரோமீட்டரால் ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால்களில் ஒன்றின் அடியில் மெல்லிய தகடு வைத்து, இரண்டும் ஒத்து வரும்வரை திருத்துங்கள்.

எந்த டூல்

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கப் பொறியாளர்களான டெய்லரும் வைட்டும் தாங்கள் பதப்படுத்திய எஃகு டூலைக் காட்சிக்கு வைத்தார்கள். முனை சிவக்கும் அளவு சூடேறியும் அது வெட்டிக்கொண்டே இருந்தது. ஹை ஸ்பீடு ஸ்டீல் எனப்படும் எச்.எஸ்.எஸ். அந்த வழியில் வந்தது. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை அது தன் கடினத்தை இழப்பதில்லை. டங்ஸ்டன் கார்பைடைக் கோபால்ட்டால் பிணைத்த கார்பைடு டூல்கள் 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கூடுதலான வெப்பத்தைத் தாங்கும். இதைக் கேட்டதும் கார்பைடே மேலானது என்று தோன்றும். தொழிற்சாலைக்கு அது சரி. வீட்டு லேத்துக்கு எச்.எஸ்.எஸ். டூலில் தொடங்குவதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

காரணம் முனையின் வடிவத்தில் இருக்கிறது. கார்பைடு நொறுங்கும் தன்மையுள்ளது. ஆகவே பெரும்பாலான இன்செர்ட்டுகளின் (டூலில் கழற்றி மாற்றக்கூடிய கார்பைடு முனைகளின்) விளிம்பைச் சற்றே மழுங்கலாக வைத்துத்தான் செய்கிறார்கள். மழுங்கிய விளிம்பு உலோகத்தைச் சீவுவதற்குப் பதில் அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கனமான இயந்திரம் வேண்டும். எச்.எஸ்.எஸ். டூலைச் சவரக்கத்தி போலக் கூர்மையாக்கலாம்; குறைந்த விசையில் வெட்டும்; விட்டுவிட்டு மோதும் வெட்டிலும் எளிதில் உடையாது; சாணை பிடிக்கத் தெரிந்தால் ஒரே பிட் (டூல் துண்டு) பல ஆண்டுகள் உழைக்கும்.

சாணை பிடிக்கப் பயப்பட வேண்டாம். அலுமினியம் ஆக்சைடு சக்கரம் போதும். கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, சக்கரத்துக்கும் டூலைத் தாங்கும் ஓய்வுத் தட்டுக்கும் இடையே இடைவெளியைக் குறுக்கிவைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கவாட்டு முகத்தையும் அடுத்து முன் முகத்தையும், கீழ்நோக்கி 8 முதல் 10 டிகிரி உள்ளொடுங்கும்படி தீட்ட வேண்டும். இந்த ஒதுக்கம் இல்லாவிட்டால் விளிம்புக்குக் கீழே உள்ள சதை பொருளில் உரசும், டூல் வெட்டாது. கடைசியாக மேல் முகம்: மைல்ட் ஸ்டீலுக்கு வெட்டும் விளிம்பிலிருந்து உட்புறமாக 12 டிகிரி அளவுக்குச் சரிவு கொடுங்கள், அலுமினியத்துக்கு அதைக் கூட்டுங்கள், பித்தளைக்கு மேல் முகம் சரிவே இல்லாமல் தட்டையாக இருக்கட்டும், ஏனென்றால் சரிவுள்ள டூலைப் பித்தளை தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும். தீட்டும்போது எஃகு நிறம் மாறினால் எச்.எஸ்.எஸ். கெட்டுவிடாது, ஆனால் மிகவும் சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழக்கூடும். கை தாங்கும் சூட்டிலேயே அடிக்கடி முக்கி எடுப்பது நல்லது. முடிவில் எண்ணெய்க்கல்லால் முகங்களை மெருகேற்றி, முனையை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக உருட்டிவிடுங்கள்.

கார்பைடை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்பதல்ல. வார்ப்பிரும்பின் கடினமான மேல்தோலையும், கடினமாக்கப்பட்ட எஃகையும் வெட்ட அது தேவை. இன்செர்ட் வாங்கும்போது சி.சி.எம்.டி. 060204 போன்ற குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் எழுத்து 80 டிகிரி சாய்சதுர வடிவத்தையும், இரண்டாம் எழுத்து 7 டிகிரி ஒதுக்கத்தையும், கடைசி எண் 0.4 மில்லிமீட்டர் முனை வளைவையும் குறிக்கின்றன. இரண்டாம் எழுத்து என் (N) என்று இருந்தால் ஒதுக்கமே இல்லாத இன்செர்ட். அதற்கு வேண்டிய விசையைச் சிறிய லேத் தராது. மூன்றாம் எழுத்து ஜி என்று வரும் சி.சி.ஜி.டி. வகை, விளிம்பு தீட்டப்பட்டது. அலுமினியத்துக்கென்று விற்கப்படும் பளபளப்பான இன்செர்ட்டுகள் எடை குறைந்த லேத்தில் எஃகின் மெல்லிய வெட்டுக்கும் நன்றாகவே ஒத்துழைக்கின்றன.

மாட்டுவதும் ஓட்டுவதும்

டூலின் முனை ஸ்பிண்டில் மையத்தின் உயரத்தில் சரியாக நிற்க வேண்டும். மெல்லிய எஃகு அளவுகோலை வட்டக் கம்பிக்கும் டூல் முனைக்கும் இடையே செங்குத்தாகப் பிடித்து, கிராஸ் ஸ்லைடால் மெதுவாக நெருக்கிப் பாருங்கள். அளவுகோல் நேராக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. கம்பியின் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. தகடு வைத்துத் திருத்துங்கள். டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டிலிருந்து டூல் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீள வேண்டாம். பொருளும் சக்கிலிருந்து அதன் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீண்டால் டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கிப் பிடியுங்கள்.

இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் சக் சாவியைக் கழற்றிவிட்டோமா என்று பார்ப்பது ஒவ்வொரு முறையும் தவறாத பழக்கமாக வேண்டும். இறுக்கி முடித்த கை சாவியோடுதான் சக்கை விட்டு விலக வேண்டும். கையுறை, மோதிரம், தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த முடி ஆகியவை சுழலும் லேத்தின் அருகே வரவே கூடாது. சுருள் சுருளாக வரும் சீவல் கத்தியைவிடக் கூர்மையானது. லேத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியாலோ தூரிகையாலோ மட்டும் அகற்றுங்கள். சக் மரையில் மாட்டப்பட்ட லேத்தைத் தலைகீழாக ஓட்டி வெட்டினால் சக் கழன்றுவிடும்.

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கிட, 318-ஐ வெட்டு வேகத்தால் (டூல் முனையைக் கடந்து பொருளின் பரப்பு நகரும் வேகத்தால்) பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் போதும். எச்.எஸ்.எஸ். டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர், வார்ப்பிரும்பில் 20, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 15, பித்தளையில் 50, அலுமினியத்தில் 75 என்று தொடங்கலாம். 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் கம்பி என்றால் நிமிடத்துக்கு 318 சுற்று. எஃகுச் சீவல் நீலமாக வந்தால் எச்.எஸ்.எஸ். டூலுக்கு அந்த வேகம் அதிகம். எஃகுக்கு வெட்டு எண்ணெயும் அலுமினியத்துக்குச் சிறிது மண்ணெண்ணெயும் இடலாம். வார்ப்பிரும்பையும் பித்தளையையும் உலர்வாகவே வெட்டலாம்.

லேத் அதிர்ந்து கத்தி, பரப்பில் வரிகள் விழுந்தால், பலர் ஊட்டத்தை (டூல் பொருளில் நகரும் வேகத்தை) குறைக்கிறார்கள். அது பெரும்பாலும் நிலையை மோசமாக்கும். மிகவும் மெல்லிய ஊட்டத்தில் டூல் வெட்டாமல் உரசத் தொடங்குகிறது. சுழல் வேகத்தைக் குறைத்து, ஊட்டத்தைச் சற்றே கூட்டுங்கள். டூலின் நீட்டத்தைக் குறைத்து, கிப்புகளை இறுக்கிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்த உரசல் பரப்பையே கடினமாக்கிவிடும் என்பதால், அங்கே டூல் ஒரு நொடிகூடச் சும்மா உராயக் கூடாது.

சரியான அளவுக்கு வருவதற்கு நல்ல முறை ஒன்று உண்டு. 20.00 மில்லிமீட்டர் வேண்டிய தண்டு இப்போது 20.60 இருக்கிறது என்றால், மிச்சத்தை 0.30, 0.30 என்று சமமாக இரண்டு வெட்டாகப் பிரியுங்கள். முதல் வெட்டுக்குப் பிறகு அளந்தால் 20.30 வராமல் 20.33 வந்திருக்கலாம், பொருளும் டூலும் வளைந்து கொடுத்த அளவு அது. அடுத்த வெட்டும் ஏறத்தாழ அதே ஆழமானதால் அதே அளவு வளையும். அதையும் சேர்த்து டயலில் வையுங்கள். கடைசி வெட்டை 0.03 அளவுக்கு விட்டுவைத்தால் டூல் ஒழுங்காகக் கடிக்காது. உங்கள் கிராஸ் ஸ்லைடு டயல் விட்டத்தைக் காட்டுகிறதா ஆரத்தைக் காட்டுகிறதா என்பதையும் முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தின் உறுதியைக் கடுமையாகச் சோதிக்கும் வேலை, கடைந்த பொருளைக் கம்பியிலிருந்து அறுத்துப் பிரிப்பது. இதற்கான மெல்லிய பிளேடு பொருளுக்குச் சரியான செங்கோணத்தில், மைய உயரத்தில், கூடிய வரை குட்டையாக நிற்க வேண்டும். வெட்டும் இடம் சக்குக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும், கேரேஜைப் பூட்டிவிடுங்கள், வேகத்தைப் பாதியாக்குங்கள், எஃகானால் எண்ணெயை விடாமல் சொட்டுங்கள். தயங்கித் தயங்கி ஊட்டினால் பிளேடு உரசி அதிரும், அவசரப்பட்டால் சிக்கி உடையும். சீவல் அறாமல் வரும் சீரான வேகத்தில் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கிய பொருளை முழுவதும் அறுக்கக் கூடாது, பிரியும் கணத்தில் அது வளைந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். நடுவில் சிறிது விட்டுவிட்டு, லேத்தை நிறுத்தி, மிச்சத்தை ரம்பத்தால் அறுங்கள்.