சென்னை சர்வர் விழுந்தால் புனேயில் எழுப்ப

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன் பக்கம் கடைக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் பில்லிங் சர்வரை கிளவுடுக்கு மாற்றியிருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த வெர்ச்சுவல் மெஷினும் (கிளவுடில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்) ஏதோ ஓர் ஊர் டேட்டா சென்டரில்தான் ஓடுகிறது.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் சென்னை மெஷினை சைட் ரெகவரி என்ற சேவை வழியாகப் புனேக்கு ரெப்ளிகேட் செய்தால் (தொடர்ந்து நகலெடுத்தால்), அதை நிர்வகிக்கும் ரெகவரி சர்வீசஸ் வால்ட்டைப் புனேயில் வையுங்கள். சென்னையில் வைத்தால், சென்னை படுக்கும்போது ஃபெயிலோவர் கொடுக்கும் (நகலைப் புனேயில் எழுப்பும்) வழியும் சேர்ந்து படுத்துவிடும். மாற்றங்கள் புனேக்குப் போகும் முன் தற்காலிகமாகத் தங்கும் கேஷ் ஸ்டோரேஜ் அக்கவுண்ட் மட்டும் சென்னையிலேயே இருக்க வேண்டும்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் ரெகவரி பாயிண்ட் (மெஷினைத் திரும்ப எழுப்ப உதவும் பதிவு), ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்கிய நிலைக்குச் சமம். டேட்டாபேஸ் இருந்தால் மெமரியில் இருப்பதையும் பாதியில் நிற்கும் வேலையையும் சேர்த்துப் பிடிக்கும் ஆப்-கன்சிஸ்டன்ட் ஸ்னாப்ஷாட்டையும் ஆன் செய்யுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது டெஸ்ட் ஃபெயிலோவர் (நகலை எழுப்பிப் பார்க்கும் ஒத்திகை) கட்டாயம். தனி நெட்வொர்க்கில் எழுப்புங்கள்; இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும். உள்ளே போய்க் கடைசி பில் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்ததும் கிளீனப் கொடுங்கள், மறந்தால் அந்த மெஷினுக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

பலரும் சறுக்குவது பப்ளிக் ஐபியில் (இணையத்தில் மெஷினின் முகவரி எண்): பழைய ஐபி புனேக்கு வராது. அதனால் டிஎன்எஸ் டிடிஎல்லை (உங்கள் தளப்பெயருக்கான ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முன்கூட்டியே 300 வினாடிக்குக் குறைத்து வையுங்கள். புனேயில் போதுமான விசிபியு கோட்டாவும் (உங்களுக்கு அனுமதித்த பிராசஸர் அளவு) இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சென்னையில் வைரஸ் அழித்த ஃபைல் புனே நகலிலும் அழியும் என்பதால் பேக்கப் தனியாக வேண்டும்.