பிள்ளைக்கு எந்த வால்வு? ஆபரேஷனுக்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை

பிள்ளைக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முதல் கேள்வி, "மாற்றாமல் சரிசெய்ய முடியாதா?" என்பதாக இருக்கட்டும். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) கசிந்தால் வளையம் வைத்துத் தைக்கலாம். ஒட்டிச் சுருங்கியிருந்தால் சில பிள்ளைகளுக்குத் தொடை வழியே பலூன் விட்டு விரித்தாலே போதும். பிள்ளை வளரும், வைத்த வால்வு வளராது. ரிப்பேர் நாலைந்து வருஷம் தாங்கினாலும் லாபம்தான். அதற்குள் இதயம் பெரிதாகி, பெரிய அளவு வால்வு வைக்க இடம் கிடைக்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், மெக்கானிக்கல் வால்வு, அதாவது செயற்கைப் பொருளில் செய்தது, தேயாது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990இலிருந்து பொருத்தப்படுகிறது. ஆனால் அதில் ரத்தம் உறையும். அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். மாடு, பன்றித் திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. பிள்ளைகள் உடம்பிலோ சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் இறுகிவிடும், மறு ஆபரேஷன் நிச்சயம். பெண்பிள்ளை என்றால் இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுங்கள்: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

அயோர்டிக் வால்வுக்கு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் அயோர்டா குழாயின் வாசலில் இருப்பது) மட்டும் ராஸ் ஆபரேஷன் உண்டு, 1967இல் வந்தது. பிள்ளையின் நுரையீரல் பக்க வால்வையே எடுத்து அயோர்டாவில் வைப்பார்கள். அது கூடவே வளரும். காலியான இடத்துக்கு வேறு வால்வு வைப்பதால் அதைப் பின்னால் மாற்ற நேரும். ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைத் தாக்கும் நோய்) கெட்ட வால்வு என்றால், இடம் மாற்றியதையும் அந்த நோய் தாக்கலாம் என்று பல சர்ஜன்கள் தயங்குவார்கள்.

மெக்கானிக்கல் வால்வு வைத்தால் எல்லாமே ஐ.என்.ஆர். பரிசோதனையில்தான் நிற்கிறது; ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதைக் காட்டும் எண் அது. மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5, அயோர்டாவுக்குப் பொதுவாக 2 முதல் 3. குறைந்தால் அடைப்பு, கூடினால் ரத்தக்கசிவு. பாம்பனோ தொண்டியோ, உங்கள் கடலோர ஊரில் பரிசோதனைக்கு எங்கே ரத்தம் கொடுப்பது, ரிசல்ட்டை யாரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கடலுக்குப் போகும் குடும்பம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; கையில் காசு இல்லையென்று பரிசோதனை தள்ளிப்போவது அப்போதுதான். அந்த இரண்டு மாதச் செலவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு என்பது மாறாமல் இருந்தால் போதும். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால்; ப்ரூஃபென், டைக்ளோஃபினாக் கூடாது. பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் ஆன்டிபயாடிக் கேளுங்கள்.

ராத்திரி அமைதியில் நெஞ்சில் காது வைத்தால் மெக்கானிக்கல் வால்வின் சத்தம் கைக்கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். அது மங்கினாலோ நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, காலை வரை காக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

ருமாட்டிக் பிள்ளைக்குப் பலர் தவறவிடுவது பென்சிலின். வால்வு மாற்றியாகிவிட்டதே என்று 21 நாளுக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியை நிறுத்தினால் மற்ற வால்வுகள் கெடும். ஊசி போடும் நர்ஸிடம் ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட்டு, குத்திய இடத்தைத் தேய்க்காமல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்.