கியர்பாக்ஸ் எண்ணெய்: போத்தலில் எதைப் பார்த்து வாங்குவது?

மலேசியாவில் தாப்பா, பீடோர் பக்கம் ஸ்பேர் பார்ட் கடைகளின் எண்ணெய் அலமாரி கார்க்காரர்களை நினைத்து அடுக்கியதல்ல. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கும் தோட்டத்து டிராக்டருக்கும் போகிற சரக்குதான் முன்வரிசையில் நிற்கும். “மேனுவல் காடிக்கு கியர் எண்ணெய் குடுங்க” என்று பொதுவாகக் கேட்டால் 85டபிள்யூ-140 கைக்கு வந்துவிடலாம். லோரியின் பின் ஆக்சிலுக்கு அது நல்ல எண்ணெய்தான். உங்கள் புரோட்டோன் சாகா, பெரோடுவா கான்சில் போன்ற சின்னக் கார்களுக்கு ஆகாது.

அதனால் கடைக்குப் போகுமுன் காடியின் (காரின்) கையேட்டைத் திறங்கள். கடைசிப் பக்கங்களில் எண்ணெய் அட்டவணை இருக்கும். மேனுவல் டிரான்ஸ்மிஷன் வரியில் ஏபிஐ வகை (எந்த வேலைக்கான எண்ணெய்), எஸ்ஏஇ எண் (எவ்வளவு தடிமன்), எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கைமாறி வாங்கிய காடியில் கையேடு இருக்காது. அப்போது அதே மாடல், அதே ஆண்டு, அதே எஞ்சினுக்குரிய கையேட்டை இணையத்தில் தேடி எடுங்கள். பெயரை மட்டும் நம்பக்கூடாது. சாகா என்ற பெயர் 1985லிருந்து ஓடுகிறது. அந்தக் காலத்து மிட்சுபிஷி வழிவந்த கியர்பாக்ஸுக்குச் சொன்னது இன்றைய சாகாவுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஜிஎல்-4, ஜிஎல்-5: தவறு நடக்கும் இடம்

புதியவர்கள் போத்தலில் முதலில் பார்ப்பது 75டபிள்யூ-90 என்ற பெரிய எழுத்தை. பார்க்க வேண்டியதோ அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள ஏபிஐ வரி: அது ஜிஎல்-4 என்கிறதா, ஜிஎல்-5 என்கிறதா?

கிளட்சை மிதித்து மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளும்போது, சிங்க்ரோ என்ற பித்தளை வளையம் கியரின் கூம்பு முகத்தில் உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. அந்த ஒரு கணம் எண்ணெய்ப் படலம் விலகி வழிவிட வேண்டும். வழிவிடாவிட்டால் வளையம் வழுக்கும், வேகம் சேராது, ‘கர்ர்’ என்று பல் கடிக்கும்.

ஜிஎல்-5 வேறொரு வேலைக்குப் பிறந்தது. பின் ஆக்சிலில் உள்ள ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தைத் தாங்க அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதே சேர்மானம் சிங்க்ரோ வளையத்துக்கு எதிரி. ஒன்று, உரசல் குறைகிறது. இரண்டு, சூட்டில் கந்தகம் பித்தளையை மெல்ல அரிக்கும். ஜிஎல்-5 ஊற்றிய மறுநாளே பித்தளை கரைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சில் பாதியைக் கழித்துவிடுங்கள். இப்போதைய கலவைகள் பழையவை அளவு மோசமில்லை. முதலில் தெரிவது கியர் விழாத சிரமம்தான். அரிப்பு என்பது மெல்ல நடக்கிற சேதம்.

“ஐந்து நாலைவிடப் பெரிசு, அதனால் உசத்தி” என்று போர்மென் (மெக்கானிக்) சொன்னால் தலையாட்டாதீர்கள். இங்கே எண் தரவரிசை அல்ல, வேலைப் பிரிவு.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிஃபரன்ஷியலும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) கியர்பாக்ஸுக்குள்ளேயேதான் இருக்கிறது, அதற்கு ஜிஎல்-5 வேண்டாமா என்று கேட்கலாம். எஞ்சின் குறுக்காக நிற்கும் வண்டியில் அங்கே இருப்பவை சாய்வெட்டுப் பற்கள்தான், ஹைப்பாய்டு அல்ல. அதனால் ஜிஎல்-5 வேண்டாம். டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பின் ஆக்சில் தனியாக உள்ள வண்டியில் ஆக்சிலுக்கு ஜிஎல்-5, கியர்பாக்ஸுக்குக் கையேடு சொன்னது. இரண்டும் ஒன்றாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கடையில் கண்ணைக் கட்டும் எடுத்துக்காட்டு ஒன்று: ஷெல் ஸ்பைரக்ஸ் எஸ்2 ஜி 80டபிள்யூ-90, ஷெல் ஸ்பைரக்ஸ் எஸ்2 ஏ 80டபிள்யூ-90. நிறுவனம் ஒன்று, பெயர் ஒன்று, எண்ணும் ஒன்று. நடுவில் ஓர் எழுத்துதான் வேறு. ஜி என்றால் கியர்பாக்ஸுக்கான ஜிஎல்-4. ஏ என்றால் ஆக்சிலுக்கான ஜிஎல்-5. கடைக்காரர் மாற்றி எடுத்துக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

போத்தலில் எம்டி-1 என்று மட்டும் இருந்தால் அது சிங்க்ரோ இல்லாத கனரக லோரி, பஸ் கியர்பாக்ஸுக்கானது. டிராக்டருக்கான பொது எண்ணெயும் வேண்டாம். ‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டும் போட்ட எண்ணெயைக் கையேடு தடுக்காவிட்டால் ஊற்றலாம்; ஆனால் தனி ஜிஎல்-4 பக்கத்திலேயே இருக்கும்போது நான் அதைத்தான் எடுப்பேன். ட்ரம்மிலிருந்து பிடித்துத் தரும் எண்ணெய் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதில் லேபிளே கிடையாது.

75, 80, 90 என்ற எண்கள்

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிருக்கானது. 75டபிள்யூவை மைனஸ் 40 டிகிரியிலும் 80டபிள்யூவை மைனஸ் 26 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். கேமரன் மலையில் டிசம்பர் விடியலில் நின்றாலும் அந்தக் குளிர் நமக்கு வராது. ஆனாலும் 75டபிள்யூ காலையில் சற்று இளகலாக இருக்கும்; ராத்திரி முழுக்க நின்ற காடியில் முதல் சில கியர் மாற்றம் லேசாக விழும். வித்தியாசம் அவ்வளவுதான். 75டபிள்யூ-90 பெரும்பாலும் சிந்தெடிக், விலையும் கூட. கையேடு 80டபிள்யூ-90ஐ அனுமதித்தால், பட்டணத்துக்குள் ஓடும் காடிக்கு அதுவே போதும். தாப்பாவிலிருந்து மலையேறி ரிங்லெட் வரை அடிக்கடி பாரம் ஏற்றிப் போகிறவர்கள், இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினால் வண்டியைப் பிடிக்கிறவர்கள் சிந்தெடிக் வாங்கலாம்.

டபிள்யூவுக்குப் பின்னால் உள்ள எண்தான் சூடான பிறகு இருக்கும் தடிமன். கியர் எண்ணெயின் அளவுகோல் வேறு, எஞ்சின் எண்ணெயின் அளவுகோல் வேறு. 100 டிகிரி சூட்டில் கியர் எண்ணெய் 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனின் அலகு). எஞ்சின் எண்ணெய் 40 என்றால் 12.5 முதல் 16.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். 90 என்றதும் கெட்டி என்றும், 10டபிள்யூ-30 என்றதும் தண்ணீர் என்றும் நினைப்பது இதனால்தான் தப்பு.

ஹோண்டாவின் மேனுவல் பெட்டிகள் எம்டிஎஃப் என்ற தனி எண்ணெயைக் கேட்கும். அது கிடைக்காதபோது தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் எண்ணெய் ஊற்றலாம் என்று ஹோண்டா கையேடுகளே சொல்வதுண்டு. அதிலேயே தொடர்ந்து ஓட்டினால் கியர் இறுகும் என்றும் எச்சரிக்கும். அதை வைத்துக்கொண்டு எல்லாக் காடிக்கும் மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) ஊற்றுவது கதைக்கு ஆகாது. சில வண்டிகளின் மேனுவல் பெட்டி ஆட்டோ கியருக்கான ஏடிஎஃப் எண்ணெயையே கேட்கும். அங்கே 90 ஊற்றினால் பெட்டி முரண்டு பிடிக்கும்.

வேலைக்கு முன் ஒரு சோதனை

கியர் விழவில்லை என்பதற்காக எண்ணெய் மாற்றப் போகிறீர்களா? எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தபோது சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்து நின்ற இடத்தில் இறுகினால், கிளட்ச் முழுசாக விடவில்லை. கேபிளையோ கிளட்ச் எண்ணெயையோ பாருங்கள். கியர் எண்ணெய் அதைச் சரி செய்யாது.

மாற்றும் விதம்

சிறிய கார்களுக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் போத்தல் மூன்று வாங்குங்கள். எண்ணெய் ஊற்றும் ஓட்டையின் நட்டுக்கும் வடிக்கும் ஓட்டையின் நட்டுக்கும் புது வாஷரும் வேண்டும். அரை மணி ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். காடியை நாலு பக்கமும் சமமாக உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காடியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. முன்பக்கம் மட்டும் தூக்கினால் எண்ணெய் மட்டம் பொய் சொல்லும்.

இப்போது ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் நட்டை அல்ல. பல வருஷம் திறக்காத ஊற்றும் நட்டு துருப்பிடித்து அசையாமல் போகலாம், தலை உருண்டும் போகலாம். எண்ணெயை வடித்துவிட்டு அதைக் கண்டுபிடித்தால், காலிப் பெட்டியோடு காடி அசைய முடியாமல் நிற்கும். லோரியில் ஏற்றித்தான் வர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். வெளி ஆறு பக்க நட்டாக இருந்தால் ஆறு முனை சாக்கெட்தான். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் தலையை உருட்டத்தான் உதவும். சதுரக் குழி உள்ள சில நட்டுகளில் 3/8 அங்குல ரேச்சட்டின் முனையே நேராகப் பொருந்தும். முரண்டு பிடித்தால் முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

பிறகு வடியுங்கள். நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை இல்லை, துடைத்துவிடுங்கள். எண்ணெயில் தங்கப் பொடி போல மின்னினால் சிங்க்ரோ தேய்கிறது. பல் துண்டோ செதிலோ வந்தால் புது எண்ணெயில் காசைக் கொட்டுமுன் ஒரு போர்மெனிடம் காட்டுங்கள். தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர்.

வடிக்கும் நட்டைப் புது வாஷரோடு மாட்டுங்கள். இறுக்கம் பெரும்பாலும் 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். பெட்டி அலுமினியம், மரை சுலபமாகப் பிய்யும். ஊற்ற கைபம்பைவிட ஒன்றரை மீட்டர் தெளிந்த டியூபும் புனலும் மேல்: மேலே எஞ்சின் பக்கத்திலிருந்து டியூபை இறக்கி, முனையை ஓட்டையில் செருகி, மெதுவாக ஊற்றுங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பில் வழிந்து, சொட்டு நின்றதும் மூடுங்கள். காடி சாய்வாக நிற்கும்போது ஊற்றி மட்டத்தை மிஞ்சவிட்டால் நுரைக்கும். சீல் வழியாகக் கசிந்து கிளட்ச் தட்டு நனைந்தால் செலவு வேறு கணக்கு.

பழைய எண்ணெயைக் காலிப் போத்தலில் அடைத்து வர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பயன்படுத்திய மசகெண்ணெய் மலேசியச் சட்டப்படி எஸ்டபிள்யூ 305 என்ற பட்டியலிட்ட கழிவு. வேலிக் கட்டைக்குக் கரையான் மருந்தாக ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம், மழையில் அது நேராகக் கால்வாய்க்குத்தான் போகும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர் கேட்டது: ஜிஎல்-5 ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது, என்ன செய்வது? வடித்துவிட்டு ஜிஎல்-4 ஊற்றுங்கள். பெட்டிக்குள் கொஞ்சம் தங்கத்தான் செய்யும்; கியர் ஒழுங்காக விழுந்தால் கழுவ வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது அதைவிடக் கெடுதல்.

இன்னொன்று, தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுகிறவர்களுக்கு. பெட்டியின் மேல் மூச்சுவிடும் சின்னக் குழாய் சேற்றில் அடைத்துக்கொண்டால், சூடான பெட்டி குட்டைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் மாற்றும்போதே அந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காடியாக இருந்தால் ஒருமுறை மாற்றினால் போதாது: முதல் எண்ணெய் மலிவான ஜிஎல்-4, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வடியுங்கள். நிறம் இன்னும் வெளுத்திருந்தால் அதே மலிவு எண்ணெயை மறுபடி ஊற்றி ஓட்டுங்கள். தெளிவாக வந்த பிறகே நல்ல எண்ணெயைத் திறங்கள்.